ஆறு வார ஆயுள்

நாடாளுமன்றம் கூடாத நாட்களில் அவசரச் சட்டம் பிறப்பிக்க அரசமைப்பின் 123-ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. அவைகள் மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

மாநில ஆளுநர்களின் அவசரச் சட்டங்களுக்கும் உள்ள இந்த வரம்பை மிக மோசமாக மீறியது பீகார். புணேயின் பொருளியல் பேராசிரியர் டி.சி. வாத்வா அந்த மாநில அவசரச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். 1967 முதல் 1981 வரை 256. கரும்பு கொள்முதல் பற்றிய ஒன்று, சட்டமன்றத்துக்கே வராமல் 13 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது! அவர் தொடுத்த வழக்கில், இப்படிப் புதுப்பித்துக்கொண்டே போவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது.

மறு ஆண்டே மருத்துவக் கல்வியில் அதே காட்சி.

ஊழல் புகாரில் சிக்கிய இந்திய மருத்துவக் கவுன்சில் 2010-லேயே அவசரச் சட்டத்தால் ஒருமுறை கலைக்கப்பட்டிருந்தது. 2018 செப்டம்பரில் மறுபடியும் கலைத்து, நிர்வாகத்தை ஓர் ஆட்சிக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். அந்த அவசரச் சட்டத்துக்கு மாற்றான மசோதா மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் நிறைவேறவில்லை. 2019 ஜனவரியில் இன்னொரு அவசரச் சட்டம், பிப்ரவரியில் மூன்றாவது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது ஜூலையில்தான்.

கவுன்சிலைச் சீர்திருத்தியே ஆக வேண்டியிருந்தது, உண்மை. ஆனால் யார் மருத்துவராகலாம், எந்தக் கல்லூரி நடக்கலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பைப் பத்து மாதம் அவசரச் சட்டங்களால் நடத்தியது தவறு.