அலைக்கு அடியில்

பசார் மாலாமில் விற்கும் டீ-சட்டையிலும் காப்பிக் கோப்பையிலும் அந்த நீல அலையைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில், 70 வயதைத் தாண்டியபின் செய்த மரஅச்சுப் படம் அது. ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்ற வரிசையில் வந்தது. வரவேற்பு அதிகமாகவே மேலும் 10 படங்கள் சேர்ந்து, வரிசை 46 ஆனது.

உலகம் அதற்குப் ‘பேரலை’ என்று பெயர் வைத்துவிட்டது. ஆனால் படத்தின் இடது மேல்மூலையில் உள்ள தலைப்பு ‘கனகாவா கடலில், அலைக்கு அடியில்’ என்று பொருள்படும். சரி, அடியில் யார் இருக்கிறார்கள்? மூன்று படகுகள். எடோ நகரச் சந்தைக்கு மீன் கொண்டுபோகப் பயன்பட்ட வகை. உள்ளே ஆட்கள் வரிசையாகக் குனிந்து கிடக்கிறார்கள்.

நம் கண்ணுக்கு அவர்கள் கடைசியாகத்தான் படுகிறார்கள். நாம் இடமிருந்து வலம் படித்துப் பழகியவர்கள். அலையும் இடப்பக்கமிருந்து எழுவதால், அதோடு சேர்ந்து நாமும் படகுகள்மேல் பாய்கிறோம். அக்கால ஜப்பானியர் வலமிருந்து இடம் படித்தவர்கள். படகுகளின் முனையும் இடப்பக்கம்தான். ஆக, படகுக்காரர்களோடு போய் அவர்கள் அலையில் மோதியிருப்பார்கள். ஒரே படம்தான். ஆனால் நாம் அலையின் பக்கம், அவர்கள் மனிதர்களின் பக்கம்.

நிறமும் கண்ணை இழுக்கிறது. பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பிரஷ்ய நீலம், கடல் வணிகத்தின் வழியே ஜப்பானுக்கு வந்தது. வெளுக்காத, அழுத்தமான நீலம். அலையின் வளைவுக்குள் தூரத்தில் சின்னதாக ஃபூஜி. அதற்கும் அதே நீலம், உச்சியில் அதே வெள்ளை. நுரைத்துளிகள் மலைமேல் பனி கொட்டுவதுபோல் தெரிகின்றன. கண் அலையிலிருந்து வழுக்கிக்கொண்டு நேராக மலைக்குப் போய்விடுகிறது. படகுகள் வெளிர் மஞ்சள், சட்டென்று தெரியும். ஆட்களின் உடை மட்டும் நீலம். கடலோடு கரைந்துவிடுகிறார்கள். வெளிறிய தலைகள்தான் புள்ளி புள்ளியாக எஞ்சுகின்றன.

இதை ஹொகுசாயின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. மலை அசையாது, அலை விழப்போகிறது, நடுவில் மனிதர்கள் துடுப்பை விடவில்லை. அதைப் பார்க்க நம்மைக் கொஞ்சம் தேட வைக்கிறார், அவ்வளவுதான். டீ-சட்டைக்காரர்கள் சில நேரம் படகுகளை வெட்டிவிட்டு அலையை மட்டும் அச்சடிக்கிறார்கள். அப்போது அழகு மிஞ்சுகிறது, ஆபத்து போய்விடுகிறது. அலைக்கு அடியில் ஆளில்லை என்றால் அது வெறும் தண்ணீர்.

முழுப்படம் கிடைத்தால் ஒருமுறை வலது ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.