மணலும் ஓலையும்: சீகன்பால்குவின் கல்விமுறை நமக்குக் கற்பிப்பது

"படிக்க அமர்கிறோம், ஆனால் மனம் ஒருநிலைப்படுவதில்லை" என்பது இறையியல் மாணாக்கர் பலர் நம்மிடம் கூறும் குறை. எபிரேய இலக்கணத்தைத் திறந்து வைத்து அரைமணி நேரம் கழிந்த பின்னும் கண் அதே பக்கத்தில் நிற்கிறது. கையோ கைப்பேசியைத் தேடிச் சென்றிருக்கிறது. இதனைச் சோம்பல் என்று கடிந்துரைத்து முடித்துவிடுதல் ஆசிரியர்க்கு எளிது. ஆனால் நாமும் மாணாக்கராயிருந்தோம். தேர்வுக்கு முந்தின இரவு முழுதும் விழித்திருந்து கிரேக்க வினைச்சொற்களை மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்று, சில வாரங்களுக்குள் அனைத்தையும் மறந்தோம். அதன் விலை பின்னரே தெரிந்தது. முதல் சேகரத்தில், ஞாயிறு பிரசங்கத்திற்கென்று கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் திறந்தபோது எழுத்துக்கள் தெரிந்தன. சொற்கள் நம்மோடு பேசவில்லை.

ஆகவே, மனத்தை ஒருமுகப்படுத்திக் கற்பது எவ்வாறு என்னும் கேள்வியை அறிவுரையாக அன்றி வரலாறாக ஆராய விரும்புகிறோம். நம் மண்ணில், நம் மொழியை, ஓர் அயல்நாட்டு இளைஞர் கற்ற முறை இதற்குத் தக்க சான்றாகும். பர்த்தொலொமேயு சீகன்பால்குவைத் தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளராகவும் அச்சுப்பணியின் முன்னோடியாகவும் நாம் போற்றுகிறோம். மாணாக்கராக அவரை நினைப்பது அரிது. அவர் எப்படிப் படித்தார் என்பதை அறிந்தாலன்றி, அவர் எப்படி எழுதினார் என்பது விளங்காது.

மணலில் எழுதிய மாணாக்கர்

1682ஆம் ஆண்டு சாக்சனியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்த சீகன்பால்கு, இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாரெனினும் உடல்நலக் குறைவினால் அங்கு நீண்ட காலம் பயில அவரால் இயலவில்லை. மாணாக்கருள் சிறந்தவர் என்று பெயர்பெற்றுக் கப்பலேறியவரல்லர். நோயினால் படிப்பு தடைப்பட்ட ஒருவரே டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கினால் அனுப்பப்பட்டு, தம் தோழர் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடி வந்தடைந்தார் என்பதை நம் மாணாக்கர் மனத்திற்கொள்ள வேண்டும்.

வந்தவுடன் இருவரும் ஒரு முடிவு செய்தனர். கடற்கரைப் பட்டினங்களில் வழங்கிய போர்ச்சுகீசிய மொழியைப் புளுட்சோ மேற்கொள்வது. தமிழைச் சீகன்பால்கு மேற்கொள்வது. இரண்டையும் இருவரும் அரைகுறையாகக் கற்பதினும், ஒன்றை ஒருவர் ஆழ்ந்து கற்பது நன்று என்று அவர்கள் கண்டனர். கல்வியில் முதற்படி எதைக் கற்பது என்பது மட்டுமன்று. எதைக் கற்காமல் விடுவது என்பதும் ஆகும்.

வயது முதிர்ந்த தமிழ் ஆசிரியர் ஒருவர் தம் பள்ளிக்கூடத்தையே இவர்தம் இல்லத்தில் நடத்த இசைந்தார். இருபத்துநான்கு வயது நிறைந்த சீகன்பால்கு சிறுவரோடு தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுத்துக்களை எழுதிப் பழகினார். அக்காலத் திண்ணைப் பள்ளியில் வாய் சொல்ல, விரல் எழுத, கண் காண, செவி கேட்க ஒரே எழுத்து நான்கு வழியாக மனத்துள் புகும். மணலில் எழுதியது அழிந்துவிடும். ஆதலின் மீண்டும் எழுத வேண்டும். இன்று நாம் குறிப்பேட்டில் எழுதி மூடிவைத்து, எழுதியதனாலேயே கற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். மணல் அந்த ஏமாற்றத்திற்கு இடம் தரவில்லை.

எனினும் இம்முறைக்கு ஒரு குறை இருந்தது. அம்முதிய ஆசிரியர் தமிழன்றி வேறு மொழி அறியார். எழுத்தும் ஒலியும் வந்தன, பொருள் வரவில்லை. எனவே ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்து, வணிகக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பன் என்பாரை அமர்த்திக்கொண்டார். இவ்வுதவியினால் அவருடைய அறிவு விரைந்து வளர்ந்தது. 1707 ஆகஸ்டு 14ஆம் நாள் எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது அங்குத் தமிழிலும் பிரசங்கம் ஒலித்தது. வந்து பதின்மூன்று திங்களே ஆகியிருந்தன. ஆனால் இவ்வளர்ச்சியின் பெருமை அவர் ஒருவர்க்கே உரியதன்று. மிஷனோடு கொண்ட தொடர்பினால் அழகப்பன் பகையைத் தேடிக்கொண்டு, பின்னர்த் தரங்கம்பாடியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். நம் கல்விக்காக விலை கொடுத்தோர் யாவர் என்பதை எண்ணாமல் கற்பவர் நன்றி மறந்தவராவர்.

ஒரு நாளின் ஒழுங்கு

1708ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில் சீகன்பால்கு தம் நாள் ஒழுங்கை விரித்துரைத்துள்ளார். காலை ஜெபமும் வினாவிடைப் போதனையும் முடிந்தபின், 7 மணி முதல் 8 மணி வரை முன்பு கற்ற சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பப் பார்ப்பார். 8 மணி முதல் நண்பகல் 12 மணி வரை, தாம் அதுவரை படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அவ்வேளையில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். புலவர் பொருள் விளக்குவார். எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். உணவுக்குப்பின் வெயிலின் கடுமை கருதிச் சற்று ஓய்வு. போதனை முடிந்து, மாலை 3 மணி முதல் 5 மணி வரை மீண்டும் தமிழ் நூல்கள். இரவு 7 மணிக்கு மேல், விளக்கொளியில் கண்களை வருத்தாமல், பிறர் படிக்கத் தாம் கேட்பார். எவருடைய நடையில் தாம் பேசவும் எழுதவும் விரும்பினாரோ அவருடைய நூலையே இவ்வேளைக்குத் தெரிந்தெடுத்து, ஒரே நூலை நூறு முறையும் படிக்கச் செய்ததுண்டு என்கிறார்.

இவ்வொழுங்கில் நாம் நான்கு காரியங்களைக் காண்கிறோம்.

முதலாவது, பழையதைத் திரும்பப் பார்த்த பின்னரே புதியதைத் தொட்டார். நாளின் முதல் மணிநேரம் நேற்றைய பாடத்திற்கு உரியது. நம் மாணாக்கர் பலர் பாடம் முடிந்த நாளில் மூடிய குறிப்பேட்டைத் தேர்வு வாரத்தில்தான் திறக்கின்றனர். மறந்தபின் கற்பது புதிதாகக் கற்பதற்கு ஒப்பாகும்; மறக்குமுன் நினைவுகூர்வதோ சிறு முயற்சியில் நிலைபெறும்.

இரண்டாவது, தெளிவான மனத்திற்குக் கடினமான வேலையையும், களைத்த மனத்திற்கு எளிய வேலையையும் பகுத்தளித்தார். காலையில் அறியாத நூல். இரவில் அறிந்த நூல். களைப்பைச் சோம்பலாகக் கருதித் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளவில்லை. களைத்த கண்ணுக்கு ஓய்வளித்துச் செவியைப் பயன்படுத்தினார். நண்பகல் ஓய்வையும் ஒழுங்கின் ஒரு பகுதியாகவே வைத்தார்.

மூன்றாவது, அவர் தனித்துப் படிக்கவில்லை. இதற்கு அக்கால ஓலைச்சுவடியும் ஒரு காரணம். சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. ஆகவே பொருளறிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினாலன்றிச் சுவடி திறவாது. அக்கட்டாயம் சீகன்பால்குவுக்கு அருளாயிற்று. அருகில் ஒருவர் அமர்ந்து விளக்கம் கூறும்போது மனம் எங்கே அலையும்? நாம் மனஒருமையைத் தனியறையில் தேடுகிறோம். அவருக்கோ அது துணையிருப்பில் கிடைத்தது.

நான்காவது, ஒரு காலத்திற்கு ஒரே துறை. முதல் ஆண்டுகளில் ஜெர்மன், லத்தீன் நூல்களை அவர் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். அந்நூல்கள் தீயவை என்பதனாலன்று. அவை அவ்வேளைக்குரியவை அல்ல என்பதனால். மனத்தைக் கலைப்பவை எல்லாம் அற்பமானவை என்று எண்ணுவது தவறு. நல்ல நூலும் தன் வேளை தவறி வந்தால் இடையூறாகும்.

இம்முறையின் பயன் கண்கூடு. எழுத்தர்களை உள்நாட்டிற்கு அனுப்பிச் சுவடிகளை வாங்குவித்து, 1708இல் தம் நூற்சேர்க்கைக்கு விளக்கக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் வரைந்தார். அதில் தமிழர் சமய, இலக்கிய, இலக்கண நூல்கள் மட்டும் 119. அவர் தொகுத்த சொல்லகராதி இரண்டே ஆண்டுகளில் 20,000 சொற்களை எட்டியது. 1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் நிறைவெய்தி, 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

ஒழுங்கு குலைந்த நாட்கள்

எனினும், கால அட்டவணையே அனைத்தும் என்று முடிவு செய்தால் வரலாற்றைத் தவறாகப் படித்தவராவோம். மொழிபெயர்ப்பைத் தொடங்கிய சில வாரங்களில், 1708 நவம்பரில், டேனிஷ் ஆளுநரோடு எழுந்த பூசலினால் சீகன்பால்கு கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் அங்கிருந்தார். புலவரில்லை, எழுத்தரில்லை, எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி எழுதலானார். விடுதலையானதும் விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். ஒழுங்கின் உண்மையான பயன் இங்கே தெரிகிறது. எந்நாளும் தவறாமல் காப்பது மட்டும் ஒழுங்கு அன்று. தவறிய பின் திரும்பி வருவதற்கு ஓரிடம் இருப்பதே ஒழுங்கு. வீட்டில் நோய், கட்டணம் செலுத்த இயலாமை, வார இறுதி ஊழியத்தின் களைப்பு ஆகியவற்றினால் படிப்பு தடைப்பட்ட மாணாக்கர் "இனி என்ன?" என்று சோர்ந்துபோவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் இதனைக் கேட்பார்களாக.

அவருடைய கல்வி குறையற்றதும் அன்று. அவர்தம் வேதாகமத் தமிழ் கரடுமுரடானது என்று வீரமாமுனிவர் கடுமையாகக் குறை கூறினார். பின்வந்த லுத்தரன் மிஷனரிமாரும் அதனைத் திருத்த வேண்டியதாயிற்று. தெருவில் வழங்கிய மொழியையும் சுவடியின் மொழியையும் இணைப்பதில் அவர் முழு வெற்றி கண்டார் எனக் கூறுவதற்கில்லை. நன்றாகக் கற்பவரும் பிழைபடுவர். ஆயினும் திருத்தத்தக்க ஒன்றைத் தருபவர் அவரே.

யாருக்காகக் கற்றல்?

இனி, நம் நெஞ்சைத் தொடும் ஒரு செய்தி. தமிழர் தெய்வங்களைக் குறித்து, சுவடிகளிலிருந்தும் மக்கள் எழுதிய மடல்களிலிருந்தும் ஆராய்ந்து, 1713இல் சீகன்பால்கு ஒரு பெருநூல் எழுதினார். அதனை அச்சிட ஹாலேயிலிருந்த பிராங்கே மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்கவே மிஷனரிகள் அனுப்பப்பட்டனர், அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவருடைய கருத்து. அந்நூல் 1867இல்தான் சென்னையில் ஜெர்மானின் முயற்சியால் வெளிவந்தது. மேற்கூறிய நூற்பட்டியல் அச்சில் வந்ததோ 1880இல். ஆசிரியர் 1719 பிப்ரவரி 23ஆம் நாளே, 36ஆம் வயதில், தரங்கம்பாடியில் இறைவனில் இளைப்பாறிவிட்டார்.

அன்று மதிப்பெண் இல்லை, பட்டமில்லை, பாராட்டுமில்லை. அனுப்பியவர்களே வேண்டாமென்ற அறிவை ஒருவர் இத்துணை முயன்று ஏன் தேடினார்? புலவரின் அருகே பல மணிநேரம் அமர்ந்து கேட்டவருக்கு அம்மக்களைப் பற்றிய எண்ணம் மாறியது. தாம் போதிக்க வந்த மக்களிடம் கற்றுக்கொள்வதற்கு ஏராளம் உண்டென்று கண்டார். இவர்கள் யார், எதை நம்புகின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பதை அவர்கள் சொல்லிலேயே அறிய வேண்டுமென்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. மனஒருமை என்பது, நாம் கருதுவதுபோல, மனத்தை இறுக்கிப் பிடிக்கும் ஆற்றல் அன்று. அன்பின் மற்றொரு பெயரே அது. எவரை நேசிக்கிறோமோ அவர் பேசும்போது கவனம் சிதறுவதில்லை.

இங்கேதான் நம் குறையின் வேர் இருப்பதாக நாம் கருதுகிறோம். நம் மாணாக்கருள் பலர் ஆங்கில நூல்களை அகராதியின் துணையோடு படித்துத் தமிழில் பிரசங்கிக்க வேண்டியவர்கள். தங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவர்களும் அவர்களுள் உளர். அவர்கள் சுமை சீகன்பால்குவின் சுமையைப் போன்றதே; ஆனால் அவருக்கு வாய்த்த புலவரும் எழுத்தரும் அவர்களுக்கு இல்லை. ஆகவே ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நூலின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் செல்வது போதாது. வாரம் ஒரு மணிநேரமாவது மாணாக்கரின் அருகே அமர்ந்து ஒரு பக்கத்தை உடன் படிப்போமாக. மாணாக்கரும் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் பொருள் கூறிப் பழகுவார்களாக. காலையின் முதல் அரைமணி நேரம் நேற்றைய பாடத்திற்கு ஒதுக்கப்படட்டும். அந்நேரம் கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, படிக்கத் தொடங்குமுன் ஒரு முகத்தை நினைவிற்கொள்வோம். கணவனை இழந்து ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய். வேலையின்றி வாசலில் நின்றுகொண்டு பிரசங்கம் முடியுமுன் வெளியேறும் ஓர் இளைஞன். நாம் இன்று கற்கும் சொல் என்றோ ஒருநாள் அவர்களுக்குத் தேவைப்படும். அந்நாளில் எழுத்துக்கள் மட்டும் தெரிந்து சொற்கள் பேசாதிருக்கும் நிலை நமக்கு நேராதிருப்பதாக. மணலில் எழுதியது அழிந்தது. அதனை மீண்டும் மீண்டும் எழுதிய மாணாக்கரின் உழைப்பினால் நம் கையில் இன்று தமிழ் வேதாகமம் இருக்கிறது.