சண்டித்தனம் செய்த டிராக்டர்கள்

உழவு மாடுகளில் சண்டி மாடு என்று ஒன்று உண்டு. ஏரில் பூட்டியதும் படுத்துக்கொள்ளும். வாலை முறுக்கினாலும் எழுந்திருக்காது. மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று தோன்றும். ஆனால் டிராக்டரின் ஆரம்ப கால வரலாற்றைப் பார்த்தால், அதுவும் ஒரு சண்டி மாடுதான்!

காரணம் எளிமையானது. பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் தானாகக் கிளம்பாது. முதல் சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட வேண்டும். அந்தச் சுற்றில் காற்றும் எரிபொருளும் உள்ளே போய், நன்றாக அமுக்கப்பட்டு, சரியான நேரத்தில் பற்ற வேண்டும். எரிபொருள், அமுக்கம், நெருப்பு... இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இந்த மூன்றையும் சமாளிக்க மனிதர்கள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

கையை உடைத்த கைப்பிடி

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ல் இங்கிலாந்தில் உணவுத் தட்டுப்பாடு. வயலில் இருந்த ஆட்களும் குதிரைகளும் போருக்குப் போய்விட்டார்கள். பிரிட்டிஷ் அரசு ஹென்றி ஃபோர்டிடம் 6,000 டிராக்டர்கள் கேட்டது. அப்படிப் பெரிய அளவில் உற்பத்திக்கு வந்ததுதான் ஃபோர்ட்சன். 1922ல் அமெரிக்காவில் அதன் விலை 395 டாலருக்கு இறங்கியது. சாதாரண விவசாயியும் டிராக்டர் வாங்க முடிந்தது.

ஆனால் அந்த விலைக்கு பேட்டரியும் கிடையாது, செல்ஃப் ஸ்டார்ட்டரும் கிடையாது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களிலேயே வந்துவிட்டது. டிராக்டர் விவசாயிக்குக் கிடைத்தது முன்னால் தொங்கும் ஒரு இரும்புக் கைப்பிடி மட்டும்தான்.

அதைச் சுற்றுவதற்கும் ஒரு முறை இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். தீப்பொறி முன்கூட்டியே வந்துவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருந்தால் விரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும்.

குளிர்காலத்தில் இன்னும் மோசம். ஃபோர்ட்சனின் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியவை. குளிரில் எண்ணெய் இறுகியதும் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றுபவர் எஞ்சினோடு கியர் பெட்டியையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும். மாக்னெட்டோவிலும் சிக்கல். மெதுவாகச் சுற்றினால் தீப்பொறி பலவீனமாகத்தான் வரும். எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டி எண்ணெயை இளக்கியவர்களும் உண்டு!

எரிபொருளும் ஒரு வில்லன்தான். அந்தக் கால டிராக்டர்கள் பல மலிவான மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாலையில் நிறுத்தும் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். மறந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் காலை அதை வடித்துவிட்டுத்தான் வேலை.

ஊதுவிளக்கும் தோட்டாவும்

ஜெர்மனியில் வேறு வழி தேடினார்கள். 1921ல் மான்ஹைம் நகரின் லான்ஸ் நிறுவனம் புல்டாக் டிராக்டரைக் கொண்டுவந்தது. ஃப்ரிட்ஸ் ஹுபர் வடிவமைத்தது. ஒரே சிலிண்டர், ஸ்பார்க் பிளக்கே கிடையாது. எஞ்சினின் தலைப்பகுதியில் உள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் பல நிமிடம் காய்ச்ச வேண்டும். பிறகு பல மாடல்களில் ஸ்டீயரிங் சக்கரத்தையே கழற்றி, பக்கவாட்டில் உள்ள பிளைவீலில் செருகி ஆட்டிவிட வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், சில சமயம் எஞ்சின் தலைகீழ் திசையில் சுற்ற ஆரம்பித்துவிடும்!

இங்கிலாந்தில் 1945ல் வந்த ஃபீல்ட் மார்ஷல் இன்னும் விசித்திரம். வெடியுப்பில் ஊறிய காகிதத்தைச் சுருட்டி, கனலவிட்டு, எஞ்சினின் தலையில் செருகி, கையால் சுற்ற வேண்டும். சுற்ற முடியாதவர்களுக்குத் தோட்டா. துப்பாக்கித் தோட்டா போன்ற, ஆனால் குண்டில்லாத ஒன்றைப் பொருத்திச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், வெடித்த வாயு பிஸ்டனைத் தள்ளிவிடும்.

அமெரிக்காவின் கேட்டர்பில்லர் 1931ல் டீசல் டிராக்டரைக் கொண்டுவந்தபோது, பெரிய எஞ்சினை எழுப்ப பக்கத்திலேயே ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சினை வைத்தது. முதலில் குட்டியைக் கிளப்ப வேண்டும், அது பெரியதைக் கிளப்பும்.

கியர் கம்பியில் ஒரு தீர்வு

1946ல் கோவென்ட்ரியில் உற்பத்தியான ஹாரி பெர்குசனின் டி.இ.20 டிராக்டரில் மின்சார ஸ்டார்ட்டர் இருந்தது. அதை இயக்குவது கியர் கம்பி. கம்பியை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் எஞ்சின் சுற்றும். அந்த நிலையில் எந்த கியரும் விழுந்திருக்காது. அதாவது, கியரில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஆள் மேல் ஏறும் அபாயம் இல்லை. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது இந்த டிராக்டர். பின்னாளில் மாஸே பெர்குசன் ஆன அந்த நிறுவனத்தோடு கூட்டு வைத்துத்தான் 1960ல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது.

டீசல் டிராக்டர்கள் பரவியதும் ஸ்பார்க் பிளக் தொல்லை ஒழிந்தது. புதிய தொல்லை, காற்று. டாங்க் காலியானால் டீசல் குழாயில் காற்று புகுந்துவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும், விவசாயியே செய்துவிடலாம்.

சாவி யார் கையில்?

இப்போதைய பெரிய டிராக்டர்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்துவது கணினி. ஒரு சென்சார் பழுதானாலும் வண்டி முரண்டு பிடிக்கலாம். எங்கே பழுது என்று கண்டுபிடிக்க நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அறுவடை நேரத்தில் டீலரின் ஆள் வரும்வரை காத்திருக்க முடியுமா? இதை எதிர்த்து விவசாயிகள் குரல் கொடுத்ததன் பலனாக, அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023ல் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இதே பிரச்சினையில் ஜான் டீர் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குத் தொடர்ந்தது.

யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஃபோர்ட்சன் விவசாயியின் கையை உடைத்தது உண்மை. ஆனால் அது ஏன் கிளம்பவில்லை என்பதை அவரே கண்டுபிடிக்க முடிந்தது. இன்று கையை உடைக்கும் வேலை இல்லை, சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் திருப்பியும் கிளம்பாதபோது ஏன் என்று தெரிந்துகொள்ளும் உரிமை, வண்டிக்குக் காசு கொடுத்தவருக்கு இருக்க வேண்டாமா? சண்டி மாட்டின் சொந்தக்காரருக்குக்கூட, மாடு ஏன் படுத்தது என்று பார்க்க யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை.