கட்டுமரத்துல மோட்டாரை எங்க மாட்டுறது?

போன வருசம் ஆணி புடுங்குறதுக்காக மூணு மாசம் மிச்சிகன் பக்கம் அனுப்பி வச்சாங்க. அங்க நம்ம டேமேஜருக்கு மீன்பிடிப் பைத்தியம். ஒரு சனிக்கிழமை காலைல போன் பண்ணி "வீட்டுக்கு வா, ஒரு கை வேணும்"னார். ஏதோ விருந்துன்னு நெனச்சுப் போனா, கராஜ்ல புது கயாக் ஒண்ணு, பக்கத்துல ட்ரில்லிங் மெஷின். டவுன்ரிக்கர் மாட்டணுமாம்.

அப்படின்னா என்னன்னு எனக்கும் அன்னிக்குத்தான் தெரியும். ஒரு சின்ன ராட்டினம், அதுல சுத்தின கம்பி, கம்பி நுனியில கனமான ஈயக்குண்டு. குண்டுக்குப் பக்கத்துல ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்புல மாட்டி, குண்டை நாப்பது அடிக்கு இறக்கினா தூண்டிலும் கூடவே இறங்கும். மீன் கடிச்சு இழுத்ததும் கிளிப் விட்டுடும். அப்புறம் குண்டோட பாரம் இல்லாம மீனோட மட்டும் மல்லுக்கட்டலாம். 1966ல ஹோவர்ட் டேனர்ங்கிற மீன்வள அதிகாரி மிச்சிகன் ஏரிக்காக கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார். வெயில் காலத்துல அந்த மீனெல்லாம் குளிர்ந்த ஆழத்துக்குப் போயிடும். அதைத் தேடிப் போனவங்க கையிலதான் இந்தக் கருவி அந்தப் பக்கம் பிரபலமாச்சு.

மோட்டார் படகுல இதை மாட்டுறது சுளுவு. கயாக் விசயமே வேற. உடம்பு பிளாஸ்டிக், அழுத்தினா வளையும். வெறும் திருகாணி போட்டா ஒரு நாள் பிய்ச்சுக்கிட்டு வந்துடும். அதனால உள்பக்கம் ஒரு தகடு வச்சு போல்ட் போடணும். ரொம்ப வெளியே தள்ளி மாட்டினா, குண்டு அடியில பாறையில சிக்குற நேரம் கயாக் அந்தப் பக்கமா சாயும். ரொம்ப முன்னாடி மாட்டினா கை எட்டாது. உக்காந்த இடத்துலேர்ந்தே கம்பியை வெட்டி விட ஒரு கட்டரும் பக்கத்துலயே இருக்கணும். ரெண்டு மணி நேரம் அளந்து, கோடு போட்டு, அழிச்சு, கடைசியில நாலு ஓட்டை போட்டோம்.

நடுவுல சும்மா இருக்க முடியாம, "கேட்டமரான்ங்கிறது எங்க தமிழ் வார்த்தை தெரியுமா"ன்னு பீத்திக்கிட்டேன். ஆளு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? உங்க ஆளுங்க அதுல மோட்டாரெல்லாம் எப்படி மாட்டினாங்க?"

பேந்தப் பேந்த முழிச்சேன். நெய்வேலியில பொறந்து வளர்ந்தவன் நான். வடலூர், குறிஞ்சிப்பாடி வழியா பஸ் ஏறினா கடலூர், அதைத் தாண்டினா கடல். இருந்தும் கட்டுமரத்தைத் தொட்டுப் பார்த்தது கூட இல்ல. டவுன்ஷிப் புள்ளைங்களுக்கு பிளாக் நம்பர் தெரியும், மைன்ஸ் சைரன் தெரியும், சுரங்கத்துலேர்ந்து ராவும் பகலும் இறைச்சு விடுற தண்ணி தெரியும். கடல்னா ஞாயித்துக்கிழமை மீனோட சரி.

அதுக்கப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

1697ல வில்லியம் டாம்பியர்ங்கிற ஆங்கிலக் கடலோடி (பாதி கடற்கொள்ளைக்காரர்) தன்னோட பயணப் புத்தகத்துல சோழமண்டலக் கரையில பார்த்த கட்டுமரத்தைப் பத்தி எழுதியிருக்கார். ஒத்தை ஆள் போற சின்ன மரத்துல ஆளோட காலும் பின்பக்கமும் எப்பவும் தண்ணியிலதான்னு ஆச்சரியப்படுறார். சிரிப்பு என்னன்னா, டேமேஜரோட கயாக்கும் அதே கதைதான். மேல உக்காந்து ஓட்டுற கயாக்கை 1970கள்ல கலிஃபோர்னியாவுல டிம் நீமியர் பிரபலப்படுத்தினார். தளத்துலயே ஓட்டை இருக்கும், வந்த தண்ணி வந்த வழியே போயிடும். கட்டுமரத்துல மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு அந்த வேலையைப் பாக்குது. மூழ்கடிக்க உள்ளே இடமே இல்லாத படகு.

வார்த்தை மட்டும் தனியா ஊர் சுத்திச்சு. 1804ல பூலோன் துறைமுகத்துல பிரெஞ்சுக் கப்பல்கள் மேல ஆங்கிலேயர்கள் வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்க விட்டாங்க, அதுக்கும் பேர் கேட்டமரான். 1876ல நத்தானியேல் ஹெரஷாஃப் அமெரிக்காவுல 'அமரில்லிஸ்'னு ரெட்டை உடம்புப் படகு கட்டி பந்தயத்துல எல்லாரையும் முந்தினார். அந்த மாதிரி ரெட்டைப் படகுக்கே பேர் நிலைச்சுப் போச்சு. அது பசிபிக் தீவுக்காரங்க வழி. பேர் நம்முது, படகு அவங்களுது.

நம்ம படகைப் பத்தி உருப்படியா எழுதினவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநரா இருந்து 1924ல ஓய்வு பெற்றவர். கரைக்குக் கரை மாறுற கட்டுமர வகைகளை உக்காந்து பிரிச்சு எழுதியிருக்கார். நாகப்பட்டினம் பக்கத்துக் கோலாமரம் அதுல பெருசு, ஏழு மரம் கட்டினது. கோலா மீன் சீசன்ல தழைக்கட்டை மிதக்க விட்டு, முட்டை போட வர்ற மீனை வலையால அள்ளுவாங்க.

படிக்கப் படிக்க ஒண்ணு உறைச்சுது. பாய்மரம், பக்கத்துல இறக்குற பலகை, பெரிய துடுப்பு, தழைக்கட்டு எல்லாமே கயித்தால கட்டுறது, இல்லேன்னா இடுக்குல சொருகுறது. ஆணி அடிக்கிற பேச்சே இல்ல. மரத்தையே கயித்தாலதான கட்டியிருக்கு! கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடணும். ஊறின மரம் கனத்துடும். தினம் அவிழ்க்கிற படகுல நிரந்தரமா எதை மாட்டுறது?

மோட்டார் வந்தப்போ இங்கதான் இடிச்சுது. 1952ல ஒப்பந்தம் போட்டு கொல்லம் பக்கம் இந்தோ-நார்வே திட்டம் வந்துச்சு. நாட்டுப்படகுல என்ஜின் வைக்கப் பார்த்து, அது சரிவராம தனியா விசைப்படகு கட்டப் போனாங்க. அதுக்குத் துறைமுகம் வேணும். மணல்லயே இறங்கி மணல்லயே ஏறுற நம்ம கரைக்கு அது ஆகாது. 1979ல சென்னையைத் தலைமையிடமா வச்சு ஐ.நா. உணவு விவசாய அமைப்போட வங்காள விரிகுடாத் திட்டம் ஆரம்பிச்சுது. அலையில கரையேறும்போது புரொப்பெல்லரை மேல தூக்கிக்கிற மாதிரி டீசல் என்ஜின் வச்ச படகெல்லாம் அவங்க செஞ்சு பார்த்தாங்க. அதே காலத்துல குமரி மாவட்டம் முட்டத்துல பியர் ஜில்லேங்கிற பெல்ஜியக்காரர் மீனவர்களோட சேர்ந்து கடல் பிளைவுட்ல படகு கட்டினார். 1985ல வந்த அவரோட புத்தகத்துக்குத் தலைப்பே 'சின்னது கஷ்டமானது'ங்கிற அர்த்தத்துல. நான் படிச்ச பிராஜக்ட் ரிப்போர்ட்லயே நேர்மையான தலைப்பு இதுதான்.

பொங்கல் லீவுல ஊருக்கு வந்தப்போ அப்பாவையும் இழுத்துக்கிட்டு தேவனாம்பட்டினம் போனேன். வலை சரிபண்ணிக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட, "அய்யா, மரத்துல மோட்டார் மாட்டியிருக்கீங்களா?"ன்னு கேட்டேன்.

"மாட்டாம என்ன தம்பி. பின்னால கட்டை குடுத்து இறுக்கிக் கட்டி ஓட்டுனதுதான். என்ஜின் ஆட்டுற ஆட்டத்துக்குக் கயிறு தளரும். நடுக்கடல்ல எத்தினி தடவ இறுக்குறது? கரைக்கு வந்தா மரத்தக் காயப் போடணும், மோட்டாரக் கழட்டணும், மறுநா திரும்ப மாட்டணும். பைபர் வந்ததும் உட்டுட்டோம்."

"எப்ப வந்துச்சு?"

"முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. சுனாமிக்கு அப்புறம்தான் எல்லாருக்கும்."

அப்பா மணலையே பார்த்துக்கிட்டிருந்தார். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. கடலூர் மாவட்டத்துல மட்டும் அறுநூறு பேருக்கு மேல போனாங்க, தேவனாம்பட்டினத்துலயும் நிறைய பேர். எனக்கு அப்ப ஏழு வயசு. அன்னிக்கு வீட்டுல மீன் வாங்கல, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு யாருமே வாங்கலங்கிறது மட்டும்தான் ஞாபகம். நிவாரணமா வந்தது பெரும்பாலும் ஃபைபர் படகும் என்ஜினும். உடைஞ்ச மரத்துக்குப் பதிலா மரம் கேட்டவங்களுக்கும் ஃபைபர்தான். அவசரத்துல செஞ்ச படகுகள் பலதும் தரமில்லைன்னு அப்பவே புகார் வந்துச்சு. தனக்கும் இன்னும் மூணு பேருக்கும் சேர்த்துக் குடுத்த படகு ரெண்டாவது வருசமே வெடிச்சுதுன்னார் பெரியவர். குடுத்தவங்க யாருன்னு கேட்டேன். "நல்லதுக்குத்தான குடுத்தாங்க, பேரு எதுக்கு?"

கட்டுமரமே செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வைக்க நான் வரல. துடுப்பு போட்டுத் தோள் இறங்கின ஆளுகிட்ட போய் மரபு, பாரம்பரியம்னு பேசினா அடிக்க வருவார், வரணும். ஆனா நூத்துக்கணக்கான வருசமா எதையும் கட்டிக்கிட்ட படகு, கட்ட முடியாத முதல் சாமானுக்காக வடிவத்தையே மாத்திக்கிட்டதை என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல.

கெளம்பும்போது போன்ல இருந்த டவுன்ரிக்கர் போட்டோவைக் காட்டினேன். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "குண்டு மாட்டிக்கிட்டா?"

"கம்பியை வெட்ட கட்டர் வச்சிருக்கார் அய்யா."

"போல்ட்டு போட்டுட்டு எதுக்கு வெட்டணும்? கயித்துல உருவு முடிச்சு போட்டுக் கட்டுனா ஒரு இழுல மொத்தமும் கழண்டு போயிரும்ல?" பக்கத்துல கெடந்த நைலான் துண்டை எடுத்து என் கட்டைவிரல்லயே கட்டி, நுனியை இழுத்து விட்டுக் காட்டினார். மூணு தடவை கட்டச் சொல்லி, மூணாவது தடவைதான் எனக்கு வந்துச்சு. அப்பா அதை வீடியோ எடுத்தார். டேமேஜருக்கு அனுப்பியாச்சு. ராட்டினம் போச்சுன்னா யார் காசுன்னு கேட்டு பதில் வந்திருக்கு.