குழியில் காத்திருந்த வில்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பாலாற்றங்கரைப் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். பரிவாரம் சூழ அரசன் போகும் வேட்டையின் சாயல் அது. ஆனால் இவ்வட்டாரத்தின் பழைய வேட்டை ஓசையற்றது, காத்திருப்பது என்பேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அவனிடம் போகும் வழியில் வளைந்த வில்லேந்திய எயினர் என்னும் வேடரைக் காட்டுகிறது. மானின் அடிச்சுவடு பதிந்த தடத்தருகே, நீர் தேடி வரும் விலங்குக்காகத் தோண்டிய குழிக்குள் ஒடுங்கி, நள்ளிரவில் காட்டுப்பன்றியின் வரவு பார்த்திருக்கிறார்கள் அவர்கள்.

புகழ்ப்பாட்டு எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். இரவு வேட்டை பொய்த்தால், பகலில் நாயும் வலையும் கொண்டு முயல் பிடிப்பதையும் அதைப் பாடிய புலவர் உருத்திரங்கண்ணனார் சொல்லிவிடுகிறார். வெறும் புகழுரைக்குத் தோல்வி எதற்கு? இது வேடர் வாழ்வை அறிந்தவரின் சொல். அப்படியானால் வேடர் மறைந்து காத்திருக்க மரத்தின்மேல் பரண் இல்லையா? உண்டு, குறிஞ்சிப்பாட்டு அதை இதணம் என்கிறது. ஆனால் அங்கே ஏறியிருப்பவள் தினைக்குக் கிளி ஓட்டும் பெண். ஓங்கிய மரங்கள் அரிதான வறண்ட புதர்க்காட்டில், தாகத்தோடு வரும் விலங்கை எதிர்கொள்ள நீரருகே குழியே தக்க மறைவிடம் என்று எயினர் கண்டிருக்க வேண்டும்.