பூனாச்சி: மேட்டுக்காட்டின் டிஸ்டோபியா

நடப்புக் காலத்தின் அச்சங்களைப் பெரிதாக்கி, அவையே சட்டமாகிவிட்ட உலகைக் கற்பனையில் படைப்பது டிஸ்டோபியப் புனைவு. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ (1949) உலகறிந்த எடுத்துக்காட்டு. தமிழில் இவ்வகையில் தலையாயது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (காலச்சுவடு, 2016).

பெருமாள்முருகன் 1966இல் திருச்செங்கோடு அருகே பிறந்தவர். கதைமாந்தர் அசுரர் எனப்பட்டாலும், அவர்கள் ஆடு மேய்க்கும் வறண்ட நிலம், சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி முதல் நாமக்கல் பக்கம் வரை பரவிய மானாவாரி மேட்டுக்காடுகளையே நினைவூட்டுகிறது. அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் மூண்டது. 2015 ஜனவரியில் எழுத்தைத் துறப்பதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகு வந்த நாவல் இது. மனிதரைப் பற்றி எழுதவே அச்சம் என்று அதன் முன்னுரை வெளிப்படையாகச் சொல்கிறது.

கதையில் ஒவ்வொரு குட்டிக்கும் காது குத்தி அரசிடம் பதிய வேண்டும். அதற்காக நீண்ட வரிசையில் நிற்கும் மக்கள் வாய்திறக்க அஞ்சுகிறார்கள். கருப்பு ஆடு இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அரசுக்கு ஆகாது, பூனாச்சியோ கருப்பு. சேலம் கருப்பு என்ற வெள்ளாட்டினம் இந்த வட்டாரத்துக்கே உரியது. இங்குள்ளவர்களுக்கு அந்த விலக்கம் கூடுதலாக உறைக்கும். இன்று கால்நடைகளுக்கு 12 இலக்க எண்ணுள்ள காதுவில்லை மாட்டப்படுவதன் நோக்கம் தடுப்பூசிக் கணக்கு முதலியன. அதை அப்படியே நாவலின் அரசோடு சமப்படுத்துவது பொருந்தாது. எண்ணைக் கண்டு எளியவர் ஏன் நடுங்குகிறார்கள் என்பதுதான் நாவலின் அக்கறை.

கண்காணிப்பைவிட வலிமையாக எழுதப்பட்டிருப்பது பஞ்சம். மழை பொய்த்தால் மேட்டுக்காட்டில் முதலில் தீர்வது தீவனம். ஆட்டை விற்றுத் தானியம் வாங்க எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டுவார்கள். ஆட்டின் விலை விழும், தானிய விலை ஏறும். பூனாச்சி ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறாள். அந்த அதிசயமும் அவளை வளர்க்கும் கிழவன் கிழவியின் வறுமையைத் தீர்ப்பதில்லை; குட்டிகள் ஒவ்வொன்றாகத் தாயைப் பிரிகின்றன. பஞ்சத்தின் இந்தக் கணக்கில் மிகை எதுவும் இல்லை. 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நாவல் அப்போது புத்தம்புதிதாகக் கடைகளில் இருந்தது.