குழந்தையின் கழுத்தில் கட்டி: காத்திருக்கலாமா, டெஸ்ட் எடுக்கணுமா?

தலை துவட்டும்போது விரலில் தட்டுப்படும். பட்டாணி அளவில், தோலுக்கு அடியில் நழுவுகிற ஒரு சின்ன உருண்டை. பத்தே நிமிடத்தில் கூகுளில் தேடியிருப்பீர்கள். மூன்றாவது லிங்க்கிலேயே புற்றுநோய் வந்திருக்கும். ஊரிலிருந்து அம்மாவோ, "நெறி கட்டியிருக்கும்டா, தானா வத்திடும்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்திருப்பார்.

பெரும்பாலான நேரங்களில் அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் தானாக வற்றாத கட்டிகளும் உண்டு. இந்தியாவில் அந்தப் பட்டியலில் காசநோய் முன்வரிசையில் இருக்கிறது. அதனால் எத்தனை நாள் காத்திருக்கலாம், எந்த டெஸ்ட்டைக் கேட்க வேண்டும் என்ற இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நெறி என்பது நிணநீர்க் கணு. கிருமிகளை வடிகட்டும் சின்னச் சின்னச் சோதனைச்சாவடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே கதைதான் கழுத்திலும். சளி, தொண்டை வலி, சொத்தைப் பல், காதில் சீழ், தலையில் பேனும் சொறியும் என எது வந்தாலும் கழுத்துக் கணுக்கள் வேலையில் இறங்கி வீங்கும். பிளேஸ்கூல் போகும் குழந்தைக்கு மாதம் ஒரு சளி வருவது சகஜம் என்பதால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிலும் நிறைய பேருக்குக் கழுத்தில் சின்ன நெறிகள் கைக்குத் தட்டுப்படும். சளி போன பிறகும் அது சுருங்கச் சில வாரங்கள் ஆகலாம். தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள்.

கூகுள் காட்டும் சதவீதம் ஏன் பயமுறுத்துகிறது?

பயாப்ஸி செய்த குழந்தைகளை மட்டும் கணக்கில் எடுத்த ஆய்வுகளில் புற்றுநோயின் பங்கு அதிகமாகத் தெரியும். சந்தேகம் வலுத்தவர்களுக்குத்தானே பயாப்ஸியே செய்வார்கள்! குடும்ப மருத்துவரிடம் வருகிறவர்களைக் கணக்கில் எடுத்தால் படம் மாறுகிறது. நெதர்லாந்தில் 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாத நெறிக்கட்டியோடு வந்த 40 வயதுக்குக் கீழானவர்களில் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 0.4% மட்டுமே. அது வேறு நாடு, பெரியவர்களும் அடங்கிய கணக்கு. இருந்தாலும் எந்தக் கூட்டத்தை எண்ணினார்கள் என்பதைப் பார்க்காமல் சதவீதத்தை நம்பக் கூடாது என்பதற்கு இது போதும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் இடம். தாடைக்குக் கீழேயும் கழுத்தின் பக்கவாட்டிலும் வரும் சின்ன நெறி சாதாரணம். காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வந்தால் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நடுக்கழுத்தில், விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் அது நெறியாக இல்லாமல் பிறவியிலேயே உள்ள நீர்க்கட்டியாக இருக்கலாம். அதற்கு ஸ்கேன் தேவை. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னம் உப்பினால் பொன்னுக்கு வீங்கியா என்று பார்ப்பார்கள். (அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருப்பது தட்டம்மை-ரூபெல்லா ஊசி மட்டும்தான். பொன்னுக்கு வீங்கியையும் தடுக்கும் எம்.எம்.ஆர். போட்டிருக்கிறதா என்று கார்டில் பாருங்கள்.)

அடுத்து அளவும் காலமும். 2 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனாலோ, நான்கு முதல் ஆறு வாரத்தில் சுருங்கவே இல்லை என்றாலோ பரிசோதனை அவசியம். கல் மாதிரி கெட்டியாக, நகராமல் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். எடை குறைவது, விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, காரணமில்லாத ரத்தக்கசிவு ஆகியவை கூடச் சேர்ந்தால் ஆறு வாரம் எல்லாம் வேண்டாம்.

சிவந்து, சூடாக, தொட்டால் அழும் அளவு வலி இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. ஆன்டிபயாட்டிக்கில் அடங்கும், சில சமயம் சீழ் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் மூச்சுவிடவோ, எச்சில் விழுங்கவோ குழந்தை திணறினால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

காசநோய் என்றால்?

உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலைத் தவிர அது அதிகம் தாக்கும் இடங்களில் ஒன்று கழுத்து நெறி. பழைய தமிழ் வைத்தியம் இதைக் கண்டமாலை என்று அழைத்தது. கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி மாலைபோலத் திரளும். பெரும்பாலும் வலி இருக்காது, சூடு இருக்காது. இருமல்கூட இல்லாமல் இருக்கலாம். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்துதான் முக்கியமாகக் காக்கிறது. 'ஊசி போட்டாச்சே' என்று விட்டுவிட முடியாது.

கேட்க வேண்டிய டெஸ்ட், கட்டியில் மெல்லிய ஊசி செலுத்திச் செல்களை எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. அந்த மாதிரியையே சிபிநாட் கருவியில் போட்டால் காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்று சில மணி நேரத்தில் தெரியும். ஊசி டெஸ்ட்டில் தெளிவில்லை என்றால் கணுவையே எடுத்துப் பயாப்ஸி செய்வார்கள்.

டெஸ்ட் எதுவும் எடுக்காமல் 'டி.பி.யா இருக்கும்' என்று ஆறு மாத மாத்திரையோ, 'வீக்கம் குறையட்டும்' என்று ஸ்டீராய்டோ எழுதினால் நின்று கேள்வி கேளுங்கள். லிம்ஃபோமாவாக இருந்தால் ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும்; பிறகு பயாப்ஸியிலும் பிடிபடாமல் போகலாம். குழந்தைகளின் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகக் கூடிய நோய். வீணாகும் மாதங்கள்தான் சிக்கல்.

காசநோய் உறுதியானால் அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாயும் வரும். 2024 நவம்பர் வரை அது 500 ஆக இருந்தது. தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அவர் நிக்‌ஷய் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் மற்ற குழந்தைகளுக்குத் தொற்றாது. ஆனால் உங்கள் குழந்தைக்கு யாரோ ஒரு பெரியவரிடமிருந்து அது வந்திருக்கும். தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வருபவர், வேன் டிரைவர் என நெருங்கிப் பழகும் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மருந்து ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அது ரிஃபாம்பிசினின் நிறம். சிகிச்சை நடுவே கட்டி பெரிதாவதும் உண்டு. மருந்து கேட்கவில்லை என்று நீங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.